லோண்டரி அறையில் ஒரு ஸ்கொட்லாந்துக் கொலை

ஜெனோசன் எழுந்தான். முகம் கழுவினான். கேத்திலைப் போட்டான். பாலை முகர்ந்து பார்த்தான். பழுதாகவில்லை, தேநீரில் ஊற்றினான். இரண்டு துண்டு பாணை வாட்டி மார்ஜரின் பூசிச் சாப்பிட்டான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு குளியல் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்தக் கிழமை போட்ட உடுப்புகளையெல்லாம் அதற்குள் கொட்டி, சவர்க்காரத்தூளைத் தூவி, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு இறங்கி மிதிக்கத் தொடங்கினான்.

மிதிக்கும்போது எதையும் யோசிக்கத் தேவையில்லை. அதனால் அவன் நெடுநேரம் மிதிப்பான்.

அன்று கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அகஸ்ரின் அண்ணை நின்றார். தலையில் ஒரு துவாய், தோளில் சவர்க்கார நுரை.

"தம்பி, மேல என்ன கிணறு வெட்டுறீரோ?"

"உடுப்புத் தோய்க்கிறன் அண்ணை."

"என்ர கூரையால ஊத்துது. நான் ரொய்லற்றில குடையோட இருக்கிறன்." அவர் ஜெனோசனின் நனைந்த கால்களைப் பார்த்தார். குரலை இறக்கினார். "தம்பி, கீழ லோண்டரி இருக்கு. எல்லாரும் அங்கதானே போறவை. நீரும் போமன்."

ஜெனோசன் அங்கே போவதில்லை. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் இரவு வேலை முடிந்து வந்தபோது அவன் மனைவி சாம்பவி குளித்துக்கொண்டிருந்தாள். அவன் படுத்து உறங்கிவிட்டான். அவள் துணிக்கூடையோடு கீழே போனாள். லோண்டரி அறையிலிருந்து வெளியே வந்து லிப்ற்றுக்குக் காத்து நின்ற இடத்தில் அவளுடைய மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. கதவைத் தட்டி அவனை எழுப்பியது அம்புலன்ஸ்காரர்.

அதற்கு முதல்நாள் பின்னேரம் அவன் வேலைக்குப் புறப்பட்டபோது அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்கு நினைவில்லை. குப்பையைப் பற்றி ஏதோ சொன்னாள். அல்லது குப்பைக் கதை வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை அவன் காதில் ஹெட்போன் இருந்தது. வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுவான். இந்த ஒன்றை மட்டும் மறுபடி மறுபடி தோண்டிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

ஈர உடுப்பைக் கூடைக்குள் அள்ளிக்கொண்டு கீழே போனான்.

சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தக் கட்டடத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். லோண்டரி அறை அடித்தளத்தில் இருந்தது. வோஷர்களில் பாதி பழுது; மீதிப் பாதி நடனமாடும். சுவரோரம் நாலு பிளாஸ்ரிக் கதிரைகள். மூன்றில் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவதில் ஜெயரட்ணம் அங்கிளின் கால்கள் இருந்தன. ஜெனோசனைக் கண்டதும் அவர் கால்களை எடுத்தார்.

"வந்திட்டார்," என்றார் மற்ற இருவரையும் பார்த்து.

ஜெயரட்ணம் அங்கிள் எட்டாம் மாடி. டவுன்ரவுணில் ஒரு கார்ப் பார்க்கின் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் நடக்கும் எந்தக் குற்றத்துக்கும் கார் நம்பரைத் தேடுவார். அவருக்குப் பக்கத்தில் இராஜேஸ்வரி அன்ரி. ஐந்தாம் மாடியில் ரோல்ஸ், பற்றிஸ், வடை ஓடருக்குச் செய்துகொடுப்பவர். கடைசிக் கதிரையில் ஸெய்னம்பு அன்ரி. அவர் கணவர் நௌபர் பார்லிமென்ற் தெருவில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறார். காற்சட்டைகளின் கால்விளிம்பு மடிக்கும் வேலை அன்ரிக்கு. எப்போதும் உதடுகளுக்கிடையில் நாலைந்து குண்டூசிகள் இருப்பதால் அவர் அதிகம் பேசுவதில்லை.

இராஜேஸ்வரி அன்ரி கூடையைப் பறித்து, உள்ளே பார்த்து, ஒரு மேற்சட்டையைத் தூக்கினார்.

"உதென்ன தம்பி, கருவாடு மாதிரி? அலசுறேல்லையே? விடுங்கோ, நான் போடுறன். நீங்கள் இருங்கோ."

இருந்தான். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அங்கிள் தொண்டையைச் செருமினார். இராஜேஸ்வரி அன்ரி அவரை முந்திக்கொண்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். பிழையா நினைக்கக்கூடாது."

இந்தத் தொடக்கம் ஜெனோசனுக்குப் பழக்கமானது. இதற்குப் பின்னால் வருவதும் பழக்கமானதுதான்.

"நான் இன்னும் அதைப் பற்றி யோசிக்கேல்லை அன்ரி."

"எதைப் பற்றி?"

"கலியாணத்தைப் பற்றி."

"கலியாணமோ? ஆர் கேட்டது கலியாணத்தை?" என்றார் அன்ரி. "ஹாமிஷை ஆர் கொலை செய்தது?"

"எந்த ஹாமிஷ்?" என்றான் ஜெனோசன்.

"பாத்தியளே, மனுசனுக்குச் சொல்லேல்லை," என்றார் அங்கிள் மனவருத்தத்தோடு. "எங்களுக்குத்தான் சொன்னவ."

ஒவ்வொரு சனிக்கிழமையும் உடுப்பு காயும்வரை சாம்பவி அவர்களுக்குக் கதை சொல்லியிருக்கிறாள். அவள் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கில நாவல். ஸ்கொட்லாந்தில் மொராக் என்றொரு பெண் துப்பறியும் இன்ஸ்பெக்டர். புதிய கொலைகள் அவளுக்கு இல்லை. முப்பது, நாற்பது வருடமாக அலுமாரியில் கிடக்கும் கொலைகளைத் தூசி தட்டித் திறப்பதுதான் அவள் உத்தியோகம். ஒரு கடற்கரை ஊரில் மீன் புகைபோடும் கொட்டிலில், கொக்கிகளில் கொழுவியிருந்த மீன்களுக்கு நடுவே தானும் கொழுவியபடி செத்துக்கிடந்த முதலாளி ஹாமிஷ். கொன்ற ஆள் யாரென்று அன்று பிடிபடவில்லை. மொராக் வருகிறாள்.

சனிக்கிழமைகளில் அவள் நேரம் கழித்து வருவது ஜெனோசனுக்குத் தெரியும். வோஷர்கள் பழுதென்று நினைத்திருந்தான்.

"புத்தகத்தின்ர பேரைக் கேட்டனாங்கள்," என்றார் அங்கிள். "சொல்லமாட்டன் எண்டிட்டா. சொன்னா நீங்கள் போனில தட்டி முடிவைப் பாத்திடுவியளாம்."

"நீங்கள் பாப்பியள்தானே அண்ணை," என்றார் அன்ரி.

"பாப்பன். அதுக்கு?"

"முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியட்டும் எண்டு பொறுத்தம் தம்பி," என்றார் அன்ரி. "பிறகு உங்கட வாசலுக்கு ரெண்டு தரம் வந்தனாங்கள். வாய் வரேல்லை. புட்டைத் தந்திட்டுத் திரும்பி வந்தம்."

ஜெனோசனுக்கு அது நினைவிருந்தது. புட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு மூவரும் போகாமல் வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துக்கம் என்று நினைத்தான்.

"இப்ப ஏன் கேக்கிறம் எண்டால், எனக்கு வாற புதன் இல்லை, அடுத்த புதன் ஒப்பரேசன்," என்றார் அங்கிள். "ஆர் கொன்றதெண்டு தெரியாமல் நான் போகேலாது."

"என்ன ஒப்பரேசன் அங்கிள்?"

"கண்ணில பூ விழுந்திட்டுது. வெட்டுவினம்."

"காலமை போய்ப் பின்னேரம் வாறது," என்றார் அன்ரி. "என்னவோ பரலோகம் போறமாதிரி."

"கத்தி எங்க வைக்கிறாங்கள்? என்ர கண்ணிலதானே. உன்ர ரோல்ஸிலேயே?"

"ஆர் கொன்றதெண்டு எனக்கு முதலே தெரியும்," என்று அன்ரி ஜெனோசன் பக்கம் திரும்பினார். "மொய்ரா. ஹாமிஷின்ர பெண்சாதி. செத்தவீட்டில சவம் கிடக்க அடுப்பை மூட்டி, தானே சான்ட்விச் செய்து, தானே தேத்தண்ணி ஊத்தி வந்த சனத்துக்குக் குடுத்தவள். எந்தப் பொம்பிளை செய்வாள்? அயலட்டையில ஒரு சனம் சோறு கொண்டுவரேல்லையே? நெஞ்சு கல்லா இருந்தாத்தான் உது வரும்."

"அங்க அப்பிடித்தான் அன்ரி. வெள்ளைக்காரர் தாங்களே செய்வினம்."

"எல்லாரும் கொலைகாரர் எண்டு சொல்லுறீங்களே தம்பி?"

"மொய்ரா இல்லை," என்றார் அங்கிள். "தம்பிக்காரன் கேலம். செத்தவீட்டால வெளிக்கிடேக்க எல்லாருக்கும் கையைக் குடுத்து, 'போயிட்டு வாறன்' எண்டு சொன்னவன். இன்னொரு சாவுக்கு அச்சாரம் குடுக்கிறானே அவன்? வந்த காரின்ர நம்பரும் ஒருதருக்கும் தெரியாது."

ஸெய்னம்பு அன்ரி ஊசிகளைக் கையிலெடுத்தார். "எனக்கு மொராக்ட மாமிலதான் சந்தேகம்," என்றார். ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்தார்.

"எது எப்பிடியோ," என்றார் இராஜேஸ்வரி அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை கடைசியாச் சொன்னது உங்களைப் பற்றித்தான் தம்பி. 'என்ர மனுசன் தங்கம் அன்ரி' எண்டு சொல்லிக்கொண்டுதான் கூடையைத் தூக்கினவ. அதுதான் கடைசி வார்த்தை. நான் செத்தவீட்டிலயும் உங்களுக்குச் சொன்னனான்."

"எங்க சொன்னவ?" என்றார் அங்கிள். "வாற சனிக்கிழமை கொலைகாரனைப் பிடிக்கிறன் எண்டுதான் கடைசியாச் சொன்னவ."

"அண்ணை, சும்மா இருங்கோ."

"நான் காதால கேட்டனான்."

ஜெனோசன் நிமிர்ந்தான். சாம்பவியின் செத்தவீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அன்று அவன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். ஒரே நேரத்தில் இரண்டும் கடைசியாக இருக்கமுடியாது. ஹாமிஷை யார் கொன்றாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் சாம்பவி கடைசியாக வாய் திறந்து என்ன சொன்னாள் என்பது இந்த மூன்று கதிரைகளில் ஒன்றில் இருந்தது.

"புத்தகம் வீட்டிலதான் இருக்கவேணும்," என்றான். "வாசிச்சுக்கொண்டு வாற சனி வாறன்."

சாம்பவியின் தோள்பை கதவுக்குப் பின்னால் அவள் கொழுவின இடத்திலேயே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தான். உதட்டுக்குப் பூசும் களிம்பு, பாதி தின்ற பிஸ்கற் பெட்டி, நூலகப் புத்தகம். மேல் அட்டையில் மழையும் ஒரு நாயும். படிக்கத் தொடங்கினான். மாசிக்குப் பிறகு அவன் முழுதாகச் செய்த முதல் வேலை அதுதான். வேலைக்கு பஸ்ஸில் போகும்போதும் படித்தான். வியாழக்கிழமை முடித்தான்.

சனிக்கிழமை அவன் அடித்தளத்துக்கு வந்தபோது நாலாவது கதிரை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அங்கிள் கோட் போட்டிருந்தார். ஒரு தட்டில் பற்றிஸ் இருந்தது. எந்த மெஷினும் ஓடவில்லை. சத்தத்துக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அகஸ்ரின் அண்ணை நனைந்த போர்வையோடு வந்து, "இண்டைக்கு ஏலாது, விசாரணை நடக்குது," என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

"சொல்லுங்கோ தம்பி."

"கொலை செய்தது டொனால்ட்," என்றான் ஜெனோசன். "ஹாமிஷின்ர கணக்காளர்."

"டொனால்டோ?" என்றார் இராஜேஸ்வரி அன்ரி மெல்ல.

"ஓம். கடைசி அதிகாரத்தில மொராக் அவனைத் துறைமுகத்தில வைச்சுப் பிடிக்கிறா."

"தம்பி, டொனால்ட் செத்திட்டான்."

"எப்ப?"

"கதை துவங்கி மூண்டாம் கிழமை. லொறி அடிச்சு."

"சிவப்பு லொறி," என்றார் அங்கிள். "நம்பர் தெரியாது."

"நல்ல பெடியன்," என்றார் அன்ரி. "அவனுக்கு நாங்கள் எட்டாம் நாள் எட்டுச் செலவும் செய்தம். அடுத்த சனிக்கிழமை இந்த மேசையிலதான் படைச்சது. அவனுக்கு என்ன விருப்பமெண்டு சாம்பவியைக் கேட்டன். உருளைக்கிழங்கு எண்டவ. உருளைக்கிழங்கு ரோல்ஸ் செய்தனான்."

"அஞ்சு ரோல்ஸ் அவனுக்காக நான் சாப்பிட்டனான்," என்றார் அங்கிள். "இப்ப வந்து அவன் கொலைகாரன் எண்டா?"

ஜெனோசன் புத்தகத்தைப் புரட்டினான். "இதில டொனால்ட் சாகேல்லை. லொறியே இல்லை. மொராக்கின்ர மாமியும் இல்லை. மொராக் கலியாணம் முறிஞ்சு தனிய இருக்கிறா."

"மாமி இல்லையோ?" ஸெய்னம்பு அன்ரியின் வாயிலிருந்து ஓர் ஊசி விழுந்தது. "அபர்டீன்லயிருந்து கருவாட்டுப் பார்சலோட வந்து, ஏன் இன்னும் புள்ள இல்லண்டு கேட்டுக்கேட்டுக் கொல்லுறாவே, அந்த மாமி?"

"இல்லை அன்ரி. ஒரு நாய்தான் இருக்கு. மொராக் எந்த நேரமும் குடிக்கிறா."

"இஞ்சித் தேத்தண்ணிதானே?"

"விஸ்கி."

ஸெய்னம்பு அன்ரி கண்ணை மூடினார். "என்ட ரப்பே. பூனையண்டல்லவா அந்தப் புள்ள சென்ன."

ஜெனோசனுக்கு விளங்கியது. ஸெய்னம்பு அன்ரிக்காக நாய் பூனையாகியிருக்கிறது; விஸ்கி இஞ்சித் தேநீராகியிருக்கிறது. ஹாமிஷின் செத்தவீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள், யார் என்ன சொல்லி விடைபெற்றார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அது இராஜேஸ்வரி அன்ரிக்கும் அங்கிளுக்கும். இரண்டு கிழமைக் கதை ஸ்கொட்லாந்தில் நடந்தது. பிறகு அது இந்த அறையில் நடந்திருக்கிறது.

"அப்ப இந்தப் புத்தகம் பிழை," என்று தீர்ப்புச் சொன்னார் அங்கிள்.

"ஓம். சாம்பவி சொன்னதுதான் சரி," என்றார் அன்ரி. "உவன் எழுதினவனுக்கு விளக்கமில்லை. தம்பி, அந்தப் பிள்ளை ஆரை மனசில வைச்சிருந்தவ எண்டு நீங்கள்தான் கண்டுபிடிக்கவேணும். நீங்கள்தானே கட்டினவர்."

ஜெனோசன் புத்தகத்தை மூடினான். அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அது அவனுடைய யோசனையல்ல, மொராக்குடையது. பழைய வழக்குகளில் சாட்சிகள் பொய் சொல்வதில்லை, நல்ல மனதோடு அழகுபடுத்துவார்கள் என்பது அவள் கருத்து. அதனால் சாட்சிகளைச் சேர்த்து வைத்து விசாரிக்கமாட்டாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொள்வாள். சும்மா இருப்பதைத் தாங்கமுடியாமல் அவர்களே கக்கிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதில் ஜெனோசனுக்கு இந்த வருடம் நல்ல பயிற்சி.

"கண்டுபிடிக்கிறன்," என்றான். "ஆனால் அவ கடைசியா என்ன சொன்னவ எண்டு எனக்குச் சரியாத் தெரியவேணும். ஒவ்வொருத்தரா வெளிய வாங்கோ. அங்கிள் முதல்."

இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய் லிப்ற்றுக்கு முன்னால் போட்டான். அந்த இடத்தில் அவன் இதற்கு முன் நின்றதில்லை. தரை சாதாரணத் தரை. தரை ஓடு ஒன்றின் மூலை உடைந்திருந்தது.

அங்கிள் கோட்டை இழுத்துவிட்டு அமர்ந்தார். "லோயர் தேவையில்லையே?"

"அங்கிள், அண்டைக்கு அவ கடைசியாச் சொன்னது என்ன?"

"அதுதான் சொன்னனே. வாற சனி கொலைகாரனைப் பிடிக்கிறன் எண்டு."

ஜெனோசன் ஒன்றும் சொல்லவில்லை. லிப்ற் மேலே போகும் சத்தம் கேட்டது. அங்கிள் கூரையைப் பார்த்தார். உடைந்த ஓட்டைப் பார்த்தார்.

"ஒவ்வொரு சனியும் அப்பிடித்தானே தம்பி சொல்லுறவ," என்றார்.

ஜெனோசன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு எனக்குக் காதில மெஷின் இல்லை. பற்றறி முடிஞ்சுது. வாயைப் பாத்துக்கொண்டிருந்தனான். கண்ணும் பூ விழுந்த கண்."

ஜெனோசன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிளின் நெற்றி வியர்த்தது.

"சரி. மற்ற ஆக்களின்ர ட்ரையர் ஓடிக்கொண்டிருக்கேக்க, திறந்து என்ர ஈர உடுப்பையும் அதுக்குள்ள போட்டிட்டு மூடிவிடுறனான். கனகாலமாச் செய்யிறன். அகஸ்ரினின்ர ட்ரையர்தான் கூட. ராஜேஸுக்குச் சொல்லாதேங்கோ."

"சரி அங்கிள். நீங்கள் போகலாம்."

"என்னை விட்டிட்டியளோ?"

"ஊரை விட்டுப் போகாதேங்கோ."

"புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாமே?"

"அது போகலாம்."

அங்கிள் உள்ளே போனபோது முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. இராஜேஸ்வரி அன்ரி சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணை வேர்த்துப்போய் வாறார்? அடிச்சனீங்களே?"

"அன்ரி, அண்டைக்கு அவ கடைசியாச் சொன்னது என்ன?"

"என்ர மனுசன் தங்கம் எண்டு."

ஜெனோசன் வாயை மூடிக்கொண்டான். அன்ரி சுலபமான சாட்சியல்ல. திருப்பி அவனைப் பார்த்தார். லிப்ற் வந்து, திறந்து, ஒருவரும் இல்லாமல் மூடிப்போனது. அவர் முதலில் பேசினால்தான் உண்டு என்று அவனும், அவன் முதலில் பேசட்டும் என்று அவரும் இருந்தார்கள். கடைசியில் அன்ரியின் போன் அடித்தது. யாரோ நூறு ரோல்ஸ் கேட்டார்கள். "பிறகு எடுக்கிறன், பொலிஸ் விசாரணையில நிக்கிறன்," என்று வைத்தார். வைத்ததும் எதிர்ப்பு உடைந்துவிட்டது.

"செத்தவீட்டில ஆரும் உண்மை கதைக்கிறதே தம்பி?"

"இல்லை."

"மனுசி முந்திப் போனா, 'என்ர மனுசன் தங்கம் எண்டு சொன்னவ' எண்டு சொல்லுறது என்ர வழக்கம். அஞ்சாறு வீட்டில சொல்லியிருக்கிறன். றிச்மண்ட் ஹில்லில ஒருத்தர், அந்தாள் மனுசியோட பத்து வருசம் முகம் பாத்துக் கதைக்காத ஆள், அவருக்கும் சொன்னனான். விக்கி விக்கி அழுதார். ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

"அப்ப அவ உண்மையா என்ன சொன்னவ?"

அன்ரி தலையைக் குனிந்தார். "நான் அப்ப போனில ஓடர் எடுத்துக்கொண்டு நிண்டனான். திரும்பிப் பாக்கேக்க கூடையும் இல்லை, ஆளும் இல்லை." சிறிது நேரம் சேலையின் விளிம்பைத் தடவினார். "டொனால்டின்ர எட்டுக்குச் செய்த ரோல்ஸும் ஒரு பிறந்தநாள் ஓடரில மிஞ்சினது தம்பி. அதையும் சொல்லிப்போடுறன்."

"பரவாயில்லை அன்ரி."

"அவனுக்குத் தெரியாதுதானே."

"தெரியாது."

மிச்சம் ஸெய்னம்பு அன்ரி. அவர் தானாக வரவில்லை. ஜெனோசன் உள்ளே போனபோது ஒரு காற்சட்டையை விரித்து வைத்துக்கொண்டு, வாய் நிறைய ஊசிகளோடு அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பேச முடியாதாம்.

"இண்டைக்கு அஞ்சு ஊசி கூட வைச்சிருக்கிறா," என்றார் அங்கிள். "நான் எண்ணினனான். உதுதான் சந்தேகத்துக்கிடமான நடத்தை."

"ஸெய்னம்பு, போங்கோ," என்றார் இராஜேஸ்வரி அன்ரி. "அவர் ஒண்டும் செய்யமாட்டார். சும்மா பாத்துக்கொண்டிருப்பார். அதுதான் பயம்."

ஸெய்னம்பு அன்ரி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். எழுந்து வந்தார். லிப்ற்றுக்கு முன்னால் கதிரையில் இருக்காமல், அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கதவுலதான் நிண்ட நான்," என்றார். "கூடையோட வாறாண்டு கதவத் திறந்து புடிச்சிக்கிட்டு. நீங்க ஒண்டும் பாத்துக்கிட்டு ஈக்கத் தேவல்ல மகன். கேட்டா செல்லுறன். இவ்வளவு நாளும் ஒத்தரும் என்னக் கேக்கல்ல."

"செத்தவீட்டில நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே அன்ரி."

"மையத்து வீட்டுல செல்லுற பேச்சல்ல அது. எல்லாரும் தங்கம், வைரமண்டு செல்லுறாங்க. நான் மட்டும் வந்து சிரிப்புக் கதை செல்லவா? அதோட, அந்தப் புள்ள உள்ளுக்கு ஈக்கிற ரெண்டு பேருக்கும் செல்ல வாணாமண்டும் கேட்டிச்சி. வாக்குக் குடுத்துட்டன்."

"எனக்குச் சொல்லலாம்தானே?"

ஸெய்னம்பு அன்ரி யோசித்தார். "ஒங்களுக்குச் செல்ல வாணாமண்டு செல்லல்ல," என்றார்.

கதவுக்குப் பின்னால் ஏதோ உரசியது. காது என்று இருவருக்கும் தெரிந்தது. அன்ரி உள்ளங்கையால் கதவில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "ஐயோ," என்றது அங்கிளின் குரல். காலடிகள் விலகின. ஒரு வோஷர் ஓடத் தொடங்கியது. பின்னால் இன்னொன்று. இராஜேஸ்வரி அன்ரி எல்லா மெஷினையும் போட்டுவிடுகிறார் போலிருந்தது.

"நான்தான் கேட்ட," என்றார் ஸெய்னம்பு அன்ரி. "புள்ள, ஒரு கிழமை பொறுக்க ஏலா, எனக்கு மட்டும் காதுல செல்லு, கொலகாரன் யாருண்டு. அப்பதான் கூடையத் தூக்கி இடுப்புல வெச்சிக்கிட்டு சென்ன. சென்னுட்டு, சிரிச்சிக்கிட்டே, இந்தா, இந்த இடத்துக்கு வந்திச்சி. பொறகு ஒண்டும் பேசல்ல. நான்தான் பேசின. அது பேசல்ல."

அவர் கை தானாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அவ சொன்னமாதிரியே சொல்லுங்கோ அன்ரி," என்றான் ஜெனோசன். "ஒண்டும் வடிவாக்காதேங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ."

ஸெய்னம்பு அன்ரி நிமிர்ந்து நின்றார். இல்லாத ஒரு கூடையை இடுப்பில் வைத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். தன் மாவனல்லைப் பேச்சை விட்டுவிட்டு, சாம்பவியின் நல்லூர்ப் பேச்சில், ஒரு சொல்லும் தவறாமல் சொன்னார்:

"எனக்கும் தெரியாது அன்ரி. புத்தகத்தை நான் ரெண்டாம் கிழமையே மூடிப்போட்டன், சரியான அலுப்பு. மேல ஒரு மனுசன் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்குது. எந்தப் படம் பாத்தாலும் முதல் பத்து நிமிசத்தில இவர்தான் கொலைகாரன் எண்டு ஒரு ஆளைக் காட்டும். இண்டுவரைக்கும் ஒருக்காலும் சரிவந்ததில்லை. எழும்பட்டும், முழுக்கதையையும் சொல்லிக் கேப்பம். அந்தாள் ஆரைக் காட்டுதோ, அவரை விட்டிட்டு மிச்சத்தில ஒண்டைப் பிடிச்சு உள்ள போடுவம்."